மைலேஜ் பைத்தியமும் ஒன்பது கிலோ பையும்

மைலேஜ் பைத்தியம் பிடித்தவர்களை சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். பெட்ரோல் பங்க்கில் எல்லாரும் மீட்டரில் ஜீரோ பார்த்துவிட்டு செல்லை நோண்டிக்கொண்டு நிற்பார்கள். இவர் மட்டும் டேஷ்போர்டிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்த்து எழுதுவார். பின்னால் நிற்கிற வண்டிக்காரர் ஹாரன் அடித்தாலும் சரி, வகுத்தல் கணக்கு முடியாமல் வண்டி நகராது. போன தடவை 16.8, இந்தத் தடவை 17.1 என்றால் அன்றைக்கு வீட்டில் எல்லாரிடமும் சிரித்துப் பேசுவார். 16.5 என்றால் தங்கமணி வைத்த சாம்பாரில் உப்பு சரியில்லை.

அந்த 'இவர்' யாருன்னு கேட்கறீங்களா? ஹி ஹி... நானேதான்.

எங்கள் ஊர் சேவுகம்பட்டி. வத்தலக்குண்டு பக்கம். தை மூணாம் தேதி சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் கூடை கூடையாக வாழைப்பழம் சூறை விடுவார்களே, அதே ஊர்தான். நம்மகிட்ட இருப்பது ஒரு பழைய 800 சிசி கார். ஆள் ஏறாமல் ஒரு 700 கிலோ இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஏதோ விமானம் ஓட்டுகிற மாதிரி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதுதான் இந்தக் கதை. கதையில் கொஞ்சம் அசிங்கப்பட்டதும் உண்டு. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2022 கடைசியில் ஒரு நாள், வண்டியின் எடையைக் குறைத்தால் பெட்ரோல் மிச்சம் என்று எங்கேயோ படித்தேன். படித்ததோடு நிற்பேனா? பக்கத்து மளிகைக்கடை அண்ணாச்சியிடம் எலக்ட்ரானிக் தராசை அரை மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கி வந்து, டிக்கியில் இருந்த சாமான் ஒவ்வொன்றையும் இறக்கி எடை போட்டேன். நம்ம நோட்டில் இன்னும் அந்தப் பக்கம் இருக்கிறது.

ஸ்டெப்னி 11 கிலோ. ஜாக்கி, வீல் ஸ்பேனர் வகையறா 3 கிலோ. தண்ணி கேன் 5 கிலோ. கடையில் திருப்பிக் கொடுக்க மறந்த பழைய பேட்டரி 10 கிலோ. வீடு கட்டி முடிச்சு ரெண்டு வருஷம் ஆகியும் இறக்காத டைல்ஸ் பெட்டி ஒண்ணு 14 கிலோ. தேங்காய், பழைய பேப்பர், உடைந்த குடை, யாருடையது என்றே தெரியாத ஒத்தைச் செருப்பு, எல்லாம் சேர்த்து 9 கிலோ. கடைசியாக அப்பாவின் பை 9 கிலோ.

ஆக மொத்தம் 61 கிலோ! ஒரு முழு ஆளைக் காசு வாங்காமல் தினமும் ஏற்றிக்கொண்டு சுற்றியிருக்கிறேன். நெஞ்சு பதறிவிட்டது. மொத்தத்தையும் இறக்கினேன். பேட்டரி கடைக்குப் போனது. டைல்ஸ் மாடிக்குப் போனது. ஸ்டெப்னியும் ஜாக்கியும் அப்பா பையும் திண்ணைக்குப் பக்கத்தில் சாக்கு மூடிக் கிடந்தன. டிக்கி கல்யாண மண்டபம் மாதிரி காலியாக இருந்தது.

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொசுவத்தி கொஞ்சமா சுத்திக்கிறேன்.

அப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் ரோட்டில் போய், காட்ரோட்டில் திரும்பி கொடைக்கானல் மலை ஏறும் அந்தப் பாதைதான் அவருடைய ஆபீஸ். வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட ரோடு, லாஸ் காட் என்று பழைய பெயர். மேலே போகும்போது அரிசி, சிமெண்ட். கீழே வரும்போது கேரட், முட்டைக்கோஸ், பூண்டு. "ஏத்தத்துல நின்னுட்டா எஞ்சின் உன்னக் காப்பாத்தாதுடா, கட்டைதான் காப்பாத்தும்" என்பார். வண்டி நின்றால் முதல் வேலை பின் சக்கரத்துக்கு அண்டைக் கொடுப்பது. இன்றைக்கும் வீட்டு வாசலில் கார் நின்றால்கூட கண் தானாகச் சக்கரத்தடிக்குப் போகும்.

லாரியை விட்டுப் பல வருஷம் ஆனாலும் அந்தப் பையை மட்டும் விடவில்லை. காக்கி கலர் ரெக்சின் பை. உள்ளே ரெண்டு மரக்கட்டை, பழைய வடக்கயிறு, டார்ச், ஒரு துண்டு தார்ப்பாய், போர்வை, முதலுதவி டப்பா, சிவப்பு முக்கோணம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி நம்ம திண்டுக்கல் மாவட்டம் வழியாகத்தானே மேற்கே போச்சு? மலை ரோடெல்லாம் மரம் விழுந்து கொடைக்கானலே துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. அதற்கப்புறம் பையில் ஒரு சின்ன அரிவாளும் சேர்ந்தது. "மரத்த வெட்டவாப்பா?" என்று கேட்டேன். "மரத்த ஜேசிபி எடுக்கும். கொப்ப நாமதான் எடுக்கணும்" என்றார்.

பை திண்ணையில் கிடப்பதைப் பார்த்துவிட்டு அப்பா கேட்டார்.

"ஏண்டா இத எறக்கிட்ட?"

"எடைப்பா. மைலேஜ் அடி வாங்குது."

"எவ்வளவு அடி வாங்குது?"

நான் நோட்டைக் காட்டினேன். எல்லாத்தையும் இறக்கிய பிறகு முதல் டேங்க்கில் 17-லிருந்து 17.5. அரை கிலோமீட்டர் ஏறியிருந்தது! (அதே வாரம் நாலு டயருக்கும் சரியாகக் காத்து அடித்ததை அப்பாவிடம் சொல்லவில்லை. எனக்கே அப்போது ஞாபகம் இல்லை என்றுதான் சொல்லிக்கொள்ள ஆசை.) அப்பா கண்ணாடியைப் போட்டு நோட்டைப் பார்த்தார். "நான் அஞ்சு கிலோமீட்டர் மைலேஜ்ல பொழப்பு நடத்துனவன்" என்றார். எழுந்து போய்விட்டார். அவ்வளவுதான், சண்டை எல்லாம் இல்லை.

சரி, இனி மேட்டருக்கு வருவோம்.

2023 தை. மூணாம் தேதி சூறை முடிந்தது. மறுநாள், பண்ணைக்காட்டில் இருக்கிற அத்தைக்குப் பிரசாதப் பழம் கொண்டுபோய்க் கொடுக்கணும் என்றார் அப்பா. பண்ணைக்காடு எது? மலை வாழைப்பழம் விளைகிற ஊர். அங்கே வாழைப்பழம் கொண்டுபோவதென்றால் திருநெல்வேலிக்கே அல்வா கதைதான். ஆனாலும் பிரசாதம் பிரசாதமாச்சே. தங்கமணியும் பிள்ளையும் வரவில்லை. அப்பாவும் நானும் மட்டும். வண்டி லேசு, ஆளும் ரெண்டே பேர். மலையேறும்போதே என் மனசு கணக்குப் போட்டுக்கொண்டு குதித்தது.

அத்தை வீட்டில் பேச்சு நீண்டுவிட்டது. மத்தியானம் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. ஆறு மணிக்குக் கிளம்பும்போது, "வீட்டுக்குப் போய்ச் சாப்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, சுகர் மாத்திரையை மட்டும் தண்ணீர் குடித்துப் போட்டுக்கொண்டார். அவருக்கு ஒன்பது வருஷமாக சுகர். அப்போது எனக்கு அதில் ஒன்றும் உறைக்கவில்லை.

அத்தை ஒரு மலை வாழைத்தாரை எடுத்து வந்து டிக்கியில் வைக்கப் போனார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேணாம் அத்தே, வெயிட்டு."

"எறக்கத்துல போறதுக்கு என்னடா மைலேஜ்?" என்றார் அப்பா. அத்தை முகம் சுருங்கிவிட்டது. நான் சமாளித்துச் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

தை மாசம். மலையில் சீக்கிரமே இருட்டிவிடும். மெயின் ரோட்டுக்கு வந்து டம்டம் பாறைக்கு மேலே ஒரு வளைவு திரும்பும்போது பின்னால் தடதடவென்று சத்தம். இறங்கிப் பார்த்தால் இடது பின் சக்கரம் தரையோடு உட்கார்ந்துவிட்டது. டிக்கியைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று இன்னமும் தெரியாது. உள்ளே ஒன்றுமே இல்லை. நானே துடைத்துவைத்த மேட் மட்டும் சுத்தமாக இருந்தது.

செல்லில் சிக்னல் இல்லை. டார்ச் இல்லை. முக்கோணமும் இல்லை. ஹசார்டு லைட்டைப் போட்டுவிட்டு ரெண்டு கல்லைத் தேடிப் பொறுக்கிச் சக்கரத்துக்கு அண்டைக் கொடுத்தேன். வண்டிகள் போகாமல் இல்லை. ஆனால் வளைவில், இருட்டில், பனியில் யார் நிறுத்துவார்கள்? அவர்களைக் குத்தம் சொல்லவும் முடியாது. அப்பா முதலில் நிதானமாகத்தான் இருந்தார். "வரும்டா ஏதாச்சும் வண்டி" என்றார். முக்கால் மணி நேரம் போனது.

அப்புறம்தான் அது நடந்தது. அப்பா திடீரென்று எரிச்சலாகப் பேசினார். "கிளீனர் எங்கடா? கட்டையப் போடச் சொல்லு" என்றார். நான் ஜோக் என்று நினைத்துச் சிரித்தேன். "சிரிக்கிற? லோடு சாயுது, கட்டையப் போடச் சொல்லுடா" என்றார் மறுபடி. வார்த்தை குழறியது. செல் வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்தேன். அந்தக் குளிரில் மனுஷனுக்கு நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. கை நடுங்கிக்கொண்டிருந்தது.

சுகர் ஏறினால்தான் ஆபத்து என்று நினைத்துக்கொண்டிருந்த முட்டாள் நான். இறங்கினால் அதைவிட அவசரம். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை விறுவிறுவென்று இறங்கும். வேர்வை, நடுக்கம், எரிச்சல், உளறல், அதையும் விட்டால் மயக்கம், வலிப்பு வரைக்கும் போகும். வேண்டியது ஒன்றே ஒன்று. இனிப்பு. உடனே. வண்டி முழுக்கத் தேடினேன். ஒரு மிட்டாய் இல்லை. டேஷ்போர்டில் மைலேஜ் நோட்டு மட்டும் இருந்தது. முந்தின நாள் கூடை கூடையாக வாழைப்பழம் பறந்ததைப் பார்த்த மனுஷனுக்கு, மலை வாழைத் தோட்டங்களுக்கு நடுவில், ஒரு பழம் இல்லை. ஒரு தாரே வந்திருக்க வேண்டியது. நான்தான் வேண்டாம் என்றேன்.

நடு ரோட்டில் போய் நின்று ரெண்டு கையையும் ஆட்டினேன். ஒரு பிக்கப் வண்டி, மேலேயிருந்து காய்கறி ஏற்றி வந்தது, நிறுத்தினது. ஓட்டியவருக்கு முப்பது வயசு இருக்கலாம். நான் அழுதுகொண்டே என்னமோ சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டு நேராக அப்பாவைப் பார்த்தார்.

"பெரியவருக்கு சுகரா அண்ணே?"

"ஆமா தம்பி."

அவ்வளவுதான் கேட்டார். ஓடிப்போய் கேபினிலிருந்து பாதி பாட்டில் கலர் எடுத்து வந்தார். அப்பா தலையைத் தாங்கிப் பிடித்து, "அய்யா, கொஞ்சம் கொஞ்சமா முழுங்குங்க" என்று குடிக்க வைத்தார். அப்பாவுக்கு நினைவு இருந்ததால் முழுங்கினார். (மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இதெல்லாம் பிறகு டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டது.) ஒரு பத்து நிமிஷம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பத்து நிமிஷம் இல்லை. வேர்வை அடங்கியது. அப்பா சுற்றிப் பார்த்தார். பிக்கப்பின் சக்கரத்தைப் பார்த்தார். "தம்பி, கட்டை போட்டியாப்பா?" என்றார். இந்தத் தடவை உளறல் இல்லை. அது அவருடைய சாதாரணக் கேள்விதான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அந்தத் தம்பி, ஓரத்தில் இருந்த செடியில் ரெண்டு கொப்பு ஒடித்து என் காருக்குப் பின்னால் பத்தடி தள்ளிப் போட்டார். எங்கள் ரெண்டு பேரையும் கேபினில் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டில் ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிட்டுப் போனார். காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. "எங்கப்பாவுக்கும் சுகருண்ணே. அதான் எப்பவும் கலர் வண்டில கெடக்கும்" என்றார்.

காரை எடுக்க மறுநாள் காலையில் போகணும். ஸ்டெப்னியைத் தூக்கிக்கொண்டு, வீல் ஸ்பேனர், ஜாக்கியை ஒரு பையில் போட்டுக்கொண்டு வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். எதற்கும் காத்தைப் பார்த்துவிடலாம் என்று வழியில் பஞ்சர் கடையில் காட்டினேன். கடைக்காரர் கேஜை வைத்துப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எட்டு பவுண்டுதான் சார் இருக்கு. இத மாட்டிட்டு எப்படிப் போவீங்க?"

அதாவது, நான் ஸ்டெப்னியை இறக்காமலே இருந்திருந்தாலும் அந்த ராத்திரியில் அது உதவியிருக்காது. ரெண்டு வருஷமாக 11 கிலோ ரப்பரையும் இரும்பையும் சும்மா சுமந்திருக்கிறேன். டைல்ஸ் பெட்டிக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

பஸ்ஸில் கண்டக்டர் ஸ்டெப்னிக்கு லக்கேஜ் போட்டார். மைலேஜுக்காக இறக்கிவைத்த சாமானுக்கு பஸ் டிக்கெட் எடுத்துக்கொண்டு மலையேறிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். :-)

அன்றைக்கு ராத்திரிதான் அப்பாவின் பையை முழுசாகத் திறந்து பார்த்தேன். எடை போட்ட நாளில் மேலாகப் பார்த்ததோடு சரி. பக்கவாட்டில் ஒரு சின்ன ஜிப் இருந்தது. அதற்குள் 100 கிராம் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று. கொஞ்சம் கல்கண்டு, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். டப்பா மேலே அப்பாவின் கோணல் எழுத்தில் 'சுகர்' என்று எழுதியிருந்தது. யாரிடமும் சொல்லாமல் தானே வாங்கி, தானே வைத்திருக்கிறார். நாங்கள் பயந்துவிடுவோம் என்றா, அல்லது 'இனிமே நீங்க வெளியே எங்கயும் போகாதீங்க' என்று சொல்லிவிடுவோம் என்றா, தெரியவில்லை. நான் கேட்கவில்லை. இப்பவும் கேட்கவில்லை.

இப்போது என் நோட்டில் வேறொரு கணக்கு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த அதே பிசிக்ஸ்தான். ஒரு பொருளை மேலே தூக்க ஆகும் சக்தி என்பது அதன் எடை, புவியீர்ப்பு 9.8, உயரம் மூன்றையும் பெருக்கினால் வருவது. காட்ரோட்டிலிருந்து பண்ணைக்காடு கிட்டத்தட்ட 1000 மீட்டர் ஏற்றம். அப்பாவின் 9 கிலோ பைக்கு 88,200 ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 3 கோடியே 20 லட்சம் ஜூல் இருக்கிறது. அதில் எஞ்சின் கால்வாசியைத்தான் சக்கரத்துக்குத் தரும், மீதி சூடாகப் போய்விடும். ஆக 80 லட்சம். வகுத்துப் பாருங்கள். 11 மில்லி. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு ரூபாய் பத்து காசு.

ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணி கேன், பை எல்லாம் சேர்ந்த 28 கிலோவுக்கும் அதே கணக்குப் போட்டால் 34 மில்லி. சமதள ரோட்டில் உருளுவதற்கும் சேர்த்து ரெண்டு மடங்காக வைத்துக்கொள்ளுங்கள். ஏழு ரூபாய்! ஒரு டீ வராது. அந்த 100 கிராம் குளுக்கோஸ் மலையேற ஆன செலவு ஒரு பைசா சொச்சம். அந்த ஒரு பைசாவைத்தான் நான் மிச்சம் பிடித்திருக்கிறேன்.

வருஷக் கணக்கும் போட்டேன். அமெரிக்க அரசாங்கத்தின் எரிபொருள் சிக்கனக் குறிப்பில் 45 கிலோ கூடினால் மைலேஜ் ஒரு சதவீதம் குறையும் என்கிறார்கள். அவர்கள் கார் யானை, நம்மது ஆட்டுக்குட்டி. அதனால் நமக்கு ரெண்டு சதவீதம் என்றே வைப்போம். வருஷம் 8000 கிலோமீட்டர் ஓட்டுகிற எனக்கு அவசர சாமான் 28 கிலோவால் ஆகும் செலவு ஆறு லிட்டர். மாசம் அம்பது ரூபாய். பேட்டரி, டைல்ஸ், ஒத்தைச் செருப்பு எல்லாம் சேர்ந்த 33 கிலோவால் ஏழு லிட்டர். இறக்கவேண்டியது இந்த 33 கிலோவைத்தான். எடையைக் குறைக்கணும் என்று நினைத்ததில் தப்பில்லை. எதைக் குறைக்கணும் என்று பார்க்காமல் தராசு மட்டும் சொன்னதைக் கேட்டேன், அங்கேதான் தப்பு. தராசுக்கு டைல்ஸும் ஒண்ணு, குளுக்கோஸும் ஒண்ணு.

எடையைக் கிராம் கணக்கில் பார்க்கிறவர்கள் விமானக் கம்பெனிக்காரர்கள். 2013-ல் கோஏர் என்ற நம்ம ஊர் விமானக் கம்பெனி, இனிமேல் பெண்களைத்தான் விமானப் பணியாளர்களாக எடுப்போம், ஆண்களைவிட எடை குறைவு, எரிபொருள் மிச்சம் என்று சொல்லிப் பேப்பரில் எல்லாம் வந்தது ஞாபகம் இருக்கா? (அந்தக் கம்பெனி 2023-ல் பறப்பதையே நிறுத்திவிட்டது, அது வேறு கதை.) ஆனால் அப்பேர்ப்பட்டவர்களும் தொடாத எடை ஒன்று உண்டு. ஒவ்வொரு ஜெட் விமானமும் போய்ச் சேரத் தேவையானதற்கு மேலே, கடைசிக் கையிருப்பாக இன்னும் அரை மணி நேரம் பறக்கிற அளவுக்கு எரிபொருள் வைத்திருக்கணும் என்பது விதி. அந்த எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் செலவாகும். பெரும்பாலான நாள் அது தேவையே படாது. இருந்தாலும் சுமக்கிறார்கள்.

"புதுக் கார்லல்லாம் ஸ்டெப்னியே இல்லையே?" என்று கேட்கலாம். உண்மைதான். டியூப்லெஸ் டயர், காத்து குறைந்தால் எச்சரிக்கும் கருவி, பஞ்சர் ஒட்டும் கிட், இந்த மூன்றும் இருந்தால் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-ல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. கிட்டும் சின்ன ஏர் பம்பும் சேர்ந்து ரெண்டு மூணு கிலோவுக்குள் முடிந்துவிடும். ஸ்டெப்னியை எடுத்தால் அந்த இடத்தில் வேறொரு ஏற்பாடு வை என்பதுதான் அந்த விதி. நான் வைத்தது வெறும் மேட். அதோடு, டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் எந்தக் கிட்டும் ஒட்டாது. மலை ரோட்டில் கல்லில் உரசிக் கிழிவது சகஜம் என்பதால் நான் ஸ்டெப்னி கட்சிதான்.

மைலேஜ் வெறி எனக்குப் போய்விட்டதா என்றால், இல்லை. அது பிறவி வியாதி. ஆனால் இப்போது வேறு இடங்களில் காட்டுகிறேன். மாசம் ரெண்டு தடவை காத்து. நாலு டயரிலும் அஞ்சு பவுண்டு குறைந்தாலே மைலேஜில் ஒரு சதவீதம் போகிறது. கிட்டத்தட்ட அந்த அவசர சாமான் மொத்தமும் தின்கிற அளவு! மேலே கேரியர் இருந்தால் தேவையில்லாத நாளில் கழட்டிவிடுவது. ஹைவேயில் காத்தை எதிர்த்துப் போவதில் பெரிய கேரியர் பெட்டி பத்து சதவீதத்துக்கு மேலேகூடச் சாப்பிட்டுவிடும். அப்புறம் நிதானமான வேகம். சிக்னலைப் பார்த்ததும் மிதித்துக்கொண்டு போய் பிரேக் போடாமல், தூரத்திலேயே காலை எடுத்துவிடுவது. போன தடவை 17.8 வந்தது, 25 கிலோ சாமானோடு. தங்கமணியிடம் அன்றைக்குச் சிரித்துப் பேசினேன்.

25 எப்படி வந்தது என்கிறீர்களா? அப்பாவும் நானும் உட்கார்ந்து பையைப் பிரித்துப் பேசி முடித்தோம். தேங்காய் நார் வடக்கயிறு போய் நைலான் கயிறு வந்தது. பெரிய டார்ச் போய் சின்ன எல்ஈடி டார்ச் வந்தது. (பழையதைத் திறந்தால் உள்ளே பேட்டரி பொங்கிப் பச்சை பூத்துக் கிடந்தது. அதுவும் எரிந்திருக்காது!) அஞ்சு லிட்டர் கேன் நாலு லிட்டர் ஆனது. மரக்கட்டையில் மட்டும் கை வைக்க விடவில்லை அப்பா. ஆக பை ஏழு கிலோ. குளுக்கோஸ் இப்போது ரெண்டு இடத்தில் இருக்கிறது, ஒன்று பையில், ஒன்று டேஷ்போர்டில் மைலேஜ் நோட்டுக்கு மேலே. நோட்டை எடுக்கும்போதெல்லாம் அதைத் தொட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. தை மூணாம் தேதிக்கு முந்தின நாள், ஊருக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் கார் போட்டுக்கொண்டு வருவதற்கு முன்னாடி, அப்பா திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். நான் டிக்கியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டணும்.

"ஸ்டெப்னி காத்து?"

"முப்பதுப்பா."

"டார்ச்?"

போட்டுக் காட்டுவேன்.

"கட்டை?"

"இருக்குப்பா."

குளுக்கோஸை மட்டும் அவர் கேட்பதில்லை. பாக்கெட்டில் தேதியைப் பார்த்துவிட்டு, பழசாகியிருந்தால் புதுசு ஒன்று வாங்கி நானே வைத்துவிடுகிறேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

டிஸ்கி: இந்த வருஷம் அத்தை கொடுத்த வாழைத்தாரை ரெண்டு கையாலும் வாங்கி டிக்கியில் வைத்தேன். எடை போடவில்லை. :-)